பின்னால் மங்கலாக நின்றவர்

தப்பு முழுக்க என்னுடையது. இதை இப்படி ஒரே வரியில் ஒப்புக்கொள்ள எனக்கு நாலு நாள் பிடித்தது. முதல் நாள், ஃப்ளெக்ஸ் அடித்த சிவகணேஷ் தலையில் கட்டப் பார்த்தேன். "படத்த பென்டிரைவ்ல போட்டுக் கொண்டாந்தது நீங்கதான அண்ணாச்சி?" என்று அவன் கேட்டதும் அவனை விட்டுவிட்டேன். அப்புறம் காமிராவைத் திட்டினேன். கடைசியில் மெக்சிகோக்காரர்களைக்கூடத் திட்டினேன். அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

மெக்சிகோ இதில் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். என் பெயர் ஜாஸ்பர். பாளையங்கோட்டையில் ஸ்டூடியோ. கல்யாணம், காதுகுத்து, ஞானஸ்நானம் என்று எதற்குக் கூப்பிட்டாலும் போவேன். நாலு வருடத்துக்கு முன், வேலையில்லாத ஒரு மத்தியானம் ஒரு வீடியோ பார்த்தேன். மெக்சிகோவில் நவம்பர் பிறந்தால் இறந்தவர்களுக்குத் திருவிழாவாம். கல்லறையெல்லாம் கேந்திப்பூ, மெழுகுவர்த்தி, செத்தவருக்குப் பிடித்த பலகாரம். அதைப் படம் எடுக்கக் கற்றுத்தருகிறேன் என்று ஒரு வெள்ளைக்காரர் பல நாட்டு ஆட்களைச் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போகிறார். எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. நமக்குப் பாபநாசம் இல்லையா? ஆடி அமாவாசை இல்லையா? அத்தனை சனமும் தாமிரபரணியில் இறங்கி நின்று, செத்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விடுகிறதே, இதைவிட வேறென்ன வேண்டும்?

என் மனைவி கிறிஸ்டிதான் ஒத்துக்கொள்ளவில்லை. "நம்ம கல்லறைத் தோட்டத்துல உங்கம்மாவுக்கு நீங்க பூ வைக்கும்போது, ஒருத்தன் வந்து மூஞ்சிக்கு நேர காமிராவ நீட்டுனா விடுவியளா?" என்றாள். "அது வேற, இது வேற" என்று சொல்லிவிட்டு, பாபநாசத்தில் புகைப்படப் பயிலரங்கு என்று விளம்பரம் கொடுத்தேன். சென்னை, பெங்களூர், கொச்சியிலிருந்து வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள்.

போன வருட ஆடி அமாவாசையன்றுதான் கார்த்திகேசனைப் பார்த்தேன். முப்பது வயதிருக்கும். கூட்டத்தைவிட்டுத் தள்ளிப்போய், இடுப்பளவு தண்ணீரில் நின்றான். விரலில் தர்ப்பை. கட்டைவிரல் இடுக்கு வழியாக எள்ளும் தண்ணீரும் வழிந்துகொண்டிருக்க, வாயைத் திறந்து சத்தமே இல்லாமல் அழுதான். மேலே வெயில் அப்போதுதான் மரத்தைத் தாண்டி வந்திருந்தது. நான் காமிரா பொத்தானிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. பதினைந்து படம் எடுத்திருப்பேன். இருபது வருடத் தொழிலில் அப்படி ஒரு படம் எனக்கு அமைந்ததில்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

அவன் கவனித்துவிட்டான். ஈர வேட்டியோடு படியேறி நேராக என்னிடம் வந்தான்.

"அண்ணாச்சி, அந்தப் படத்த அழிச்சிருங்க."

"ஏம் தம்பி? ரொம்ப நல்லா வந்திருக்கே."

"எங்கம்மைக்குத் தெரியாம தண்ணி விடுதேன் அண்ணாச்சி."

படியில் உட்கார்ந்து சொன்னான். அவன் அப்பா தில்லைநாயகம், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். எட்டு வருடத்துக்கு முன் ஒரு காலையில் பேப்பர் வாங்கிவர விக்கிரமசிங்கபுரம் கடைத்தெருவுக்குப் போனவர், போனவர்தான். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அவருடைய நம்பர்தான் என்று, அம்மா இன்னும் அந்தப் போனை விடாமல் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறாராம். குங்குமம், பூ எதையும் விடவில்லை. புருஷன் உயிரோடு எங்கேயோ இருக்கிறார் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. தங்கச்சிக்கு வரன் தட்டிக்கொண்டே போகிறது, அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய் என்று சோசியர் சொல்லியிருக்கிறார்.

"உசுரோட இருக்க ஆளுக்கு யாராவது எள்ளுந்தண்ணியும் விடுவாவளா அண்ணாச்சி? விட்டா, செத்துட்டாருன்னு நாமளே முடிவு கட்டுனதுதான். அம்மை தாங்கமாட்டா."

எனக்கு மனசு இளகித்தான் போயிற்று. அதை மறுக்க மாட்டேன். காமிராவை அவன் பக்கம் திருப்பி, ஒவ்வொரு படமாகக் காட்டி, அவன் கண் முன்னாலேயே அழித்தேன். "நான் வாக்குக் குடுத்தா குடுத்ததுதான் தம்பி" என்று வசனம் வேறு பேசினேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

என் காமிராவில் இரண்டு கார்டு உண்டு. எடுக்கிற படம் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதியும். நான் அழித்தது ஒன்றில் மட்டும். அடுத்ததில் பத்திரமாக இருக்கிறது என்று, அவன் கை என் கையைப் பிடித்திருந்த அந்த நேரத்திலும் எனக்கு நன்றாகத் தெரியும். அட, தெரியாமல் செய்திருந்தால் இவ்வளவு நீளத்துக்கு ஏன் சொல்லப்போகிறேன்?

ஒரு வருடம் யாருக்கும் காட்டவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு நான் மட்டும் பார்ப்பேன். இந்த வருடம் பயிலரங்குக்கு ஃப்ளெக்ஸ் அடிக்க வேண்டியிருந்தது. வேறு படம் எதை வைத்துப் பார்த்தாலும் சப்பென்று இருந்தது. முகத்தில் பாதிதான் தெரிகிறது, யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே காது குத்திக்கொண்டேன். 'மறைந்த தந்தைக்கு ஒரு மகன் விடும் நீர்' என்று படத்துக்குக் கீழே எழுதியதும் நான்தான். அமாவாசைக்கு இருபத்தைந்து நாள் இருக்கும்போது அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில், பத்தடிக்கு எட்டடி, உயரத்தில் கட்டினோம்.

மூன்றாம் நாள் போன் வந்தது.

"அண்ணாச்சி, கார்த்திகேசன் பேசுதேன். அம்மை பஸ்ல இருந்து பாத்துட்டா."

அவன் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டவே இல்லை. "எங்கண்ணு முன்னாலதான அண்ணாச்சி அழிச்சிய?" என்று மட்டும் கேட்டான். அந்தக் குரலில் கோபமிருந்தால் தாங்கியிருப்பேன். புரியாமல் கேட்கிற குரல் அது. போனை வைத்துவிட்டு, சிவகணேஷைக் கூட்டிக்கொண்டு ஓடிப்போய் ஃப்ளெக்ஸை அவிழ்த்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அந்த அம்மாவே ஸ்டூடியோவுக்கு வந்துவிட்டார். தனியாக, இரண்டு பஸ் மாறி. நெற்றியில் பெரிய குங்குமம், தலையில் பிச்சிப்பூ, கையில் துணிப்பை. "நான் கோமு. கார்த்தியோட அம்மை" என்றார். நான் எழுந்து நின்று, ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்ததை ஆரம்பித்தேன். "அம்மா, நான் பண்ணது பெரிய தப்பு..."

"அது கெடக்கட்டும் தம்பி. அன்னைக்கு மொத்தம் எத்தன படம் எடுத்திய?"

"நானும் பயிற்சிக்கு வந்தவங்களும் சேத்து நாலாயிரத்துக்கு மேல இருக்கும். ஏம்மா?"

"அம்புட்டையும் எனக்குக் காட்டணும்."

எனக்கு விளங்கவில்லை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "எங்க வீட்டுக்காரவிய, அவிய அப்பாவுக்கு ஒரு ஆடி அமாவாசகூட விட்டதில்ல. காச்சல் அடிச்ச வருசம்கூட ஆத்துல எறங்கித் தண்ணி விட்டாவ. எங்கன இருந்தாலும் அன்னைக்குப் பாவநாசம் வராம இருக்க மாட்டாவ. அந்தக் கூட்டத்துல நான் எங்கன போயித் தேட? நீங்கதான் அத்தன சனத்தையும் புடிச்சு வச்சிருக்கியளே."

காட்டினேன். வேறென்ன செய்வேன்? நான் தேர்ந்தெடுத்து வைத்திருந்த படங்களிலிருந்து ஆரம்பித்தோம். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. நான் பெருமைப்பட்ட முகங்களை எல்லாம் தாண்டி, அவற்றுக்குப் பின்னாலும் ஓரத்திலும் இருந்தவர்களைத்தான் பார்த்தார். "இது யாரு? இந்தா, தூணுக்கு அந்தால நிக்காவளே?"

"அது தெரியாதும்மா. மங்கலாத்தான் இருக்கும்."

"ஏன் மங்கலா எடுத்திய?"

"ஒரு முகம் மட்டும் பளிச்சுன்னு தெரியணும்னு, மத்ததையெல்லாம் அப்படி எடுக்கதும்மா."

"மத்தவங்களும் தெரிஞ்சா என்ன தம்பி?"

குறை சொல்லிக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். பின்னணியை மங்கலாக்குவது எப்படி என்று மூன்று வருடமாகக் காசு வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுத்தவன், அடுத்த படத்துக்குத் தள்ளினேன்.

மூன்றரை மணிக்கு அவர் மகன் படம் வந்தது. நான் வேகமாகத் தள்ளப் பார்த்தேன். "நிறுத்துங்க" என்றார். அழுகிற மகனை ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. அவனுக்குப் பத்தடி பின்னால், கரை வளைகிற இடத்துப் படியில் யாரோ நிற்கிறார். முகமில்லை. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அந்த அம்மா திரையில் விரலை வைத்தார்.

"இவியதான்."

"அம்மா, இதுல முகமே..."

"முகம் எதுக்கு? முப்பது வருசம் அந்தத் தோள்பட்டையப் பாத்துக்கிட்டேதான பின்னால நடந்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "இன்னும் இருவது நாளு. அதே படியில போயி நிப்பேன். இத ஒரு பிரிண்டு போட்டுக் குடுங்க தம்பி."

போட்டுக் கொடுத்தேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டுகூடப் போனேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்கு அன்றைக்கு நிம்மதியாக இருந்தது. கோபமாக வந்தவர் சந்தோஷமாகப் போகிறார், நம் தப்பில் ஒரு நல்லதும் நடந்துவிட்டது என்று நினைத்தேன். மூளையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நினைத்திருக்க வேண்டும்.

அடுத்த நாள் சாயங்காலம் கார்த்திகேசன் போன் பண்ணினான். வேலை பார்க்கும் கங்கைகொண்டான் கம்பெனிக்கு அன்று போகவில்லை என்றான்.

"அம்மை எங்கிட்டப் பேசமாட்டேங்கா அண்ணாச்சி. ஒரே ஒரு வார்த்ததான் சொன்னா. 'உங்கப்பா பின்னால நிக்கையில நீ அவியளுக்கு எள்ளத் தூவிட்டியேலே, அதப் பாத்துட்டுத்தான் வீட்டுக்கு வராம போயிட்டாவ'ன்னா." அப்புறம் கேட்டான். "அது எங்கப்பாவா அண்ணாச்சி? நான் ஒரு தடவ திரும்பிப் பாத்திருந்தா போதுமா?"

போனை வைத்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். ஃபோகஸ் தப்பியவை, கண் மூடியவை என்று கழித்த படங்களை எல்லாம் தனியாகப் போட்டு வைத்திருந்தேன். அதை அந்த அம்மாவுக்குக் காட்டவில்லை. குப்பை என்று நினைத்தேன். கார்த்திகேசனின் பதினைந்து படத்தில் மூன்று அங்கே கிடந்தன. ஒன்றில், அவன் தண்ணீர் அள்ளக் குனிந்த நேரத்தில் ஃபோகஸ் பின்னால் ஓடிவிட்டது. அவன் மங்கல். படியில் நிற்பவர் கண்ணாடி மாதிரி தெளிவு.

நாற்பது வயதுக்காரர். தடித்த மீசை. இடது கையில் ஈரத்துணி திணித்த பை, அந்தக் கனத்தில்தான் தோள் இறங்கியிருக்கிறது. தில்லைநாயகம் இருந்தால் இன்றைக்கு அறுபத்தைந்தாவது இருக்கும். இது வேறு யாரோ.

காட்டினால் மகனுக்கு உயிர் வரும், அம்மாவுக்குப் போகும். காட்டாவிட்டால் இருபது நாள் கழித்து அந்த அம்மா படியில் நின்று ஏமாறுவார், அடுத்த வருடமும் நிற்பார், இவன் ஆயுசுக்கும் திரும்பிப் பார்க்காத பாவத்தைச் சுமப்பான். கிறிஸ்டியிடம்கூடக் கேட்கவில்லை. இதைச் செய்து வைத்தவன் நான், இன்னொருத்தர் வாயிலிருந்து பதிலைப் பிடுங்கப் பார்க்கக்கூடாது என்று தோன்றியது.

மறுநாள் காலை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு விக்கிரமசிங்கபுரம் போனேன். கார்த்திகேசன் கதவைத் திறந்தான், முகம் வீங்கியிருந்தது. உள்ளே, நான் கொடுத்த படத்தை அந்த அம்மா ஒரு ஸ்டூலில் சாய்த்து வைத்திருந்தார். பூ வைக்கவில்லை. இருப்பவர் படத்துக்கு யாரும் பூ வைக்க மாட்டார்கள்.

"வாங்க தம்பி" என்றார் சந்தோஷமாக. "இன்னும் படம் கெடச்சுதா?"

"ஆமாம்மா" என்றேன். லேப்டாப்பைத் திறந்து வைத்தேன்.

கார்த்திகேசன் முதலில் பார்த்தான். பார்த்ததும் சுவரோடு சரிந்து உட்கார்ந்து, சின்னப்பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதான். அது அப்பா இல்லை என்பதற்காக ஒரு மகன் அப்படி நிம்மதியாக அழுவதை நான் பார்த்திருக்கக் கூடாது.

கோமு அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். மீசையைப் பார்த்தார். பையைப் பார்த்தார். தோளிலேயே வெகுநேரம் கண்ணை வைத்திருந்தார். அப்புறம் எழுந்து போய் மகன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அழாதலே. அது யாரோ. நீ யாரையும் பாக்காம விடல."

நான் லேப்டாப்பை மூடிக்கொண்டு எழுந்தேன். வாசல்வரை அவர் என்னோடு வந்தார்.

"எம்பிள்ளைக்காவ வந்து சொன்னிய. அது சரிதான். சொல்லத்தான் செய்யணும்" என்றார். திட்டவில்லை. தெருவையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. "ஆனா ரெண்டு நாளா அவிய இருந்தாவ தம்பி. இந்த ஒம்பது வருசத்துல அந்த ரெண்டு ராத்திரிதான் நான் கண்ண மூடி ஒறங்குனேன்."