நூலா, தண்ணீரா

…அதை ஏன் வாங்கி வந்தார், அதுதான் இன்னும் பிடிபடவில்லை, ஒவ்வொரு லீவுக்கும் கத்தாரிலிருந்து வரும்போது சென்ட் பாட்டிலும் பால் பவுடரும் தலைவலித் தைலமும் கொண்டுவருகிற மனுஷன், இந்தத் தடவை பெட்டியைத் திறந்ததும் துணிகளுக்கு மேலேயே வைத்திருந்தது பல் கழுவுகிற மெஷின், தண்ணீர் ஊற்றிப் பொத்தானை அமுக்கினால் ஊசி மாதிரி பீய்ச்சி அடிக்கிறது, பல் இடுக்கில் இருப்பதையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடுமாம், “அங்க எல்லாரும் இதத்தான் யூஸ் பண்றாங்க சாய்ரா, ரோஸ் கலர் முனை உனக்கு, நீலம் எனக்கு” என்றார், முகத்தைப் பார்க்காமல் பெட்டிக்குள் எதையோ தேடிக்கொண்டே… எல்லாரும் என்றால் யார்? பெண்டாட்டிக்கு வாய் நாறுகிறது என்று நினைக்கிறவர்கள் எல்லாரும் வாங்கி அனுப்புகிறார்களா? கடலூர் பஸ் ஸ்டாண்டை விட்டுச் சிதம்பரம் பஸ் கிளம்பியிருந்தது. ஜன்னல் ஓரத்தில் அவள் கணவர் அப்துல் வதூது, இந்தப் பக்கம் சாய்ரா. அவர் ஏறி உட்கார்ந்ததிலிருந்து வெளியேதான் பார்த்துக்கொண்டு வருகிறார், அப்படி என்ன இருக்கிறது வெளியே, பார்த்துப் பழகிய அதே கடைகள், அதே பாலம், அதே உப்பனாறு… துப்பட்டாவை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, உள்ளங்கையைக் குவித்து அதற்குள் மெதுவாக ஊதிப் பார்த்தாள். கிராம்பு வாசனைதான் வந்தது. தன் வாய் தனக்கே தெரியுமா? தெரியாது என்கிறார்கள். ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் நமக்குத் தெரியுமாம்.

அப்படிச் சொன்னது ஃபஹீமா. அவருடைய தங்கை, மேல்பட்டாம்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள், ஒரு நிக்காஹ் வீட்டில் சாப்பிட்டுக் கைகழுவிக் கொப்பளிக்கும்போது சாய்ரா துப்பிய தண்ணீர் சிவப்பாக இருந்ததைப் பார்த்துவிட்டாள், “என்னா மச்சி, ஈறுல ரத்தமா? கவனிக்காம உட்டா வாடை வரும், சொல்லிட்டேன்” என்று நாலு பேர் இருக்கும்போதே சொல்லிவிட்டாள், நல்ல மனசோடுதான் சொன்னாள், ஆனால் அன்றையிலிருந்து பேசுவது என்பதே வேறு மாதிரி ஆகிவிட்டது, யாராவது பக்கத்தில் வந்தால் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டுதான் பதில் சொல்ல வருகிறது. உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள், கிராம்பு கடித்தாள், மருந்துக்கடையில் போய்ப் பல் இடுக்கில் விட்டு இழுக்கிற நூல் கேட்டாள், கடைக்காரப் பெண் “ஃப்ளாஸா அக்கா?” என்று உரக்கக் கேட்டபோது கடையில் நின்றவர்கள் அத்தனை பேரும் தன் வாயைப் பார்ப்பதுபோல இருந்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று கீழ்ப் பல்லுக்கு நடுவில் விட்டு அறுக்கிற மாதிரி இழுத்தாள்… நூல் முழுக்க ரத்தம். பயந்து போய் அப்படியே சுருட்டி எறிந்துவிட்டாள். ரத்தம் வருகிற காரியத்தை யார் தினமும் செய்வார்கள்? அந்த மெஷின் மட்டும் என்ன, முதல் நாள் வாய்க்குள் வைப்பதற்கு முன்னாலேயே பொத்தானை அமுக்கிக் கண்ணாடி, சுவர், போட்டிருந்த நைட்டி எல்லாம் நனைந்தது, அதிலும் ரத்தம் வந்தது, தண்ணீரோடு சேர்ந்ததால் வெளுத்துத் தெரிந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அவர் விடாமல் போடுகிறார். பாத்ரூம் கதவைத் தாழ்போட்டுக்கொண்டால் அந்த ங்ங்ங் சத்தம் நிற்கவே நிற்காது. நான் செய்கிறேன் பார், நீயும் செய் என்று சொல்லாமல் சொல்கிறாரா?

பழைய டவுன் தாண்டியதும் ரசாயனக் கம்பெனிகள் இருக்கிற பக்கத்து வாடை பஸ்ஸுக்குள் நுழைந்தது, கண்டக்டர் கர்ச்சீப்பை எடுத்தார், முன் சீட்டுப் பெண் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள், ஜன்னல் ஓரத்தில் அவரும் கையால் வாயை மூடிக்கொண்டார், சாய்ராவுக்கு ஒரு நிமிஷம் நிம்மதியாகக்கூட இருந்தது, இந்த இடத்தில் எல்லாருமே மூடிக்கொண்டுதான் போக வேண்டும், யாரும் யாரையும் கேட்க முடியாது… பஸ் தாண்டிவிட்டது. மற்றவர்கள் கையை எடுத்தார்கள். அவர் எடுக்கவில்லை. தன் பக்கத்திலிருந்து வருகிறது என்று நினைக்கிறாரோ? நினைக்காமலா வந்த நாளிலிருந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறார்? இரண்டு வருஷம் கழித்து வந்த மனுஷன். முன்பெல்லாம் வந்த முதல் வாரம் வீட்டில் சிரிப்புச் சத்தம் தெருவுக்குக் கேட்கும், இப்போது உதட்டை மூடிக்கொண்டு ‘ம்’ என்று ஒரு சிரிப்பு, அதுவும் யாரோ கேட்டதற்காகச் சிரிப்பது போல. சாப்பாடு கூட… நல்லி எலும்பு என்றால் உயிரை விடுவார், கடித்து உறிஞ்சித் தட்டில் தட்டுகிற சத்தம் இருக்கிறதே, அதற்காகவே கறிக்கடையில் சொல்லிவைத்து வாங்கி ஆக்கினாள், தட்டை நகர்த்தி வைத்துவிட்டு “கொழுப்பு ஜாஸ்தி, வேணாம், இடியாப்பம் இருந்தா குடு” என்றார். பாலில் ஊறவைத்து, பிசைந்து, சின்னப் பிள்ளை மாதிரி சாப்பிட்டார். கை மணம் பிடிக்கவில்லை, வாய் மணம் பிடிக்கவில்லை, இனி என்ன மிச்சம் இருக்கிறது பிடிக்காமல் போக? அங்கே வேறு யாராவது… சீ, என்ன நினைப்பு இது, அஸ்தஃபிருல்லாஹ், ஆனால் நினைப்பு கேட்டுக்கொண்டா வருகிறது?

சிதம்பரத்தில் இறங்கி ஆட்டோ பிடித்துப் பல் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலும் அவர் வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தார். இங்கே வரலாம் என்று சொன்னதே அவர்தான், கடலூரில் இல்லாத பல் டாக்டரா, தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாது என்றுதானே இவ்வளவு தூரம்? சீட்டுப் போட்டுப் பெயர் கூப்பிட்டதும், “நீ உள்ள போ, நான் டீ குடிச்சிட்டு வந்துர்றேன்” என்று நழுவிவிட்டார். கூடாரம் அடித்த மாதிரி பாதிச் சுவர் வைத்துத் தடுத்த அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு சாய்வு நாற்காலி. டாக்டர் சின்னப் பெண், சத்யப்பிரியா என்று சட்டையில் எழுதியிருந்தது. விளக்கை முகத்துக்கு நேரே இழுத்து, கம்பியை ஈறு ஓரமாக விட்டு விட்டு எடுத்துப் பார்த்தாள், கண்ணாடியை நகர்த்தினாள், முகத்தைச் சுளிக்கிறாளா என்று சாய்ரா கண்ணை விரித்துப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள், மாஸ்க் போட்ட முகத்தில் என்ன தெரியும்? எழுந்து கொப்பளித்ததும் வாய்க்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்த கேள்வி தானாக வெளியே விழுந்துவிட்டது.

“டாக்டர்… எனக்கு வாய் நாறுதா? மறைக்காம சொல்லுங்க.”

டாக்டர் மாஸ்க்கை இறக்கினாள். “இல்லம்மா. ஈறு வீங்கியிருக்கு, காரை புடிச்சிருக்கு. பல்லு எல்லாம் கெட்டியா இருக்கு. இன்னிக்கு க்ளீன் பண்ணிடலாம். வீட்டுல பல்லு இடுக்க எப்புடி சுத்தம் பண்றீங்க?”

நூல் போட்டு ரத்தம் வந்து நிறுத்திய கதையைச் சொன்னாள். டாக்டர் சிரித்துவிட்டாள். “ரத்தம் வருதுன்னு நிறுத்துனீங்களா? அழுக்கு தங்கி ஈறு புண்ணானதாலதான் ரத்தமே வருது. அறுக்குற மாதிரி இழுக்கக் கூடாதும்மா. பல்லோட பக்கத்த ஒட்டுனாப்ல வளைச்சு, மேலயும் கீழயும் மெல்லமா தேய்க்கணும். தெனமும் பண்ணா கொஞ்ச நாள்ல நின்னுடும். நிக்கலன்னா வாங்க.”

“வீட்டுல தண்ணி மெஷின் இருக்கு டாக்டர். அவுங்க வாங்கியாந்தாங்க. எது நல்லது, நூலா, தண்ணியா?”

“ரெண்டும் நல்லதுதான், எத விடாம செய்வீங்களோ அது. பல்லு மேல ஒட்டிக்கிட்டிருக்குறத நூல் சுரண்டி எடுக்கும். தண்ணி, ஈறு எறங்கி பள்ளம் விழுந்தவங்களுக்கு, பல்லு ஆடுறவங்களுக்கு, பல்லு கட்டுனவங்களுக்கு ரொம்ப ஒதவும், நூல் போக முடியாத எடத்துக்கும் அது போவும். ஒங்களுக்கு நெருக்கமான பல்லு, நூலே போதும். வீட்டுல வேற யாருக்காச்சும் அந்த மாதிரி தொந்தரவு இருக்கா?”

“இல்ல டாக்டர், யாருக்கும் இல்ல” என்றாள் சாய்ரா, யோசிக்காமலே.

க்ளீன் பண்ணி முடித்து வெளியே வந்தபோது நாக்கு பல்லின் பின்புறத்தை விட்டு நகர மறுத்தது, வழவழவென்று, யாருடைய பல்லோ மாதிரி… நாறவில்லை, டாக்டரே சொல்லிவிட்டாள், நாறவே இல்லை, அப்படியென்றால் ஏன் திரும்பிப் படுக்கிறார்? நாறினால்கூடத் தேவலை போலிருக்கிறதே, மருந்து இருக்கும், நூல் இருக்கும், நாறாமலே திரும்பிப் படுக்கிறவருக்கு என்ன செய்வது? டீக் கடைக்குப் போகிற வழி இதுவா அதுவா என்று தெரியாமல் தடுப்புகளுக்கு நடுவே நடந்தாள். ஒரு தடுப்புக்குப் பின்னால் ஆண் டாக்டர் குரல், “மிச்சம் இருக்குற பல்லையாவது காப்பாத்தணும் சார். சுகர கட்டுல வைங்க. தண்ணி மெஷின் வச்சிருக்கீங்களா?” அதற்கு யாரோ ஒரு கிழவர் பதில் சொன்னார், காற்று போகிற குரல், சொற்கள் வழுக்கி வழுக்கி விழுந்தன, “வாங்கிட்டேன் ஷார். வீட்ல தெரியாது. வைஃபுக்குன்னு ஷொல்லி வச்சிருக்கேன்.” பாவம், யார் பெற்ற பிள்ளையோ என்று இரண்டு அடி தாண்டினாள். கால் நின்றது. திரும்பிப் பார்த்தாள். வாசல் திரை விலகியிருந்த இடுக்கில் சாய்வு நாற்காலியின் முனையில் நீட்டியிருந்த கால்கள், பெருவிரல் நகம் கறுத்த அந்த வலது கால்… பக்கத்து ஸ்டீல் தட்டில் ரோஸ் நிறத் தகடு ஒன்று ஈரமாக இருந்தது, அதில் வரிசையாகப் பற்கள், அவள் பார்த்துப் பழகிய பற்கள்.

உள்ளே போயிருக்கலாம். திரையை விலக்கி, என்ன மச்சான் இது என்று கேட்டிருக்கலாம். போகவில்லை. கூடத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். அவருக்கு இன்னும் ஐம்பது வயசுகூட ஆகவில்லை. எந்த ஊர் ஆஸ்பத்திரியில், யார் துணைக்கு உட்கார்ந்திருக்க, ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டார்? அன்றைக்கு ரூமுக்குப் போய் என்ன சாப்பிட்டார்? கொஞ்ச நேரத்தில் அவர் வந்தார், சட்டைக் காலரில் ஈரம்.

“டீக்கடைல கூட்டம் ஜாஸ்தி” என்றார். இப்போது குரல் அவருடைய குரலாக இருந்தது. “டாக்டர் என்ன சொன்னாங்க?”

“நூலே போதும்னுட்டாங்க மச்சான்.”

“அப்போ மெஷினு?” கேட்டுவிட்டு வாசல் பக்கம் பார்த்தார்.

“அது இருக்கட்டும்… நீங்க போட்டுக்குங்க.”

அவர் சட்டென்று அவள் முகத்தைப் பார்த்தார், வந்த நாளிலிருந்து இல்லாத மாதிரி நேராக, அவளுக்குத்தான் அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் பைக்குள் எதையோ தேட வேண்டியதாயிற்று. “சரி, வா, பஸ்ஸப் பாப்போம்” என்று முன்னால் நடந்தார். எப்போது போயிருக்கும் அத்தனை பல்லும், ஒரு நாளிலா, ஒரு மாதத்திலா, கன்னம் ஒட்டியிருக்காதா, பேச்சு குழறியிருக்காதா, அந்த இரண்டு வருஷமும் தினமும் அஸர் தொழுகைக்குப் பிறகு வீடியோ கால் பேசினாரே, ஒரு நாள் தவறாமல், முகத்துக்கு நேரே முகம் வைத்து… பிறகு ஏன் எனக்குத் தெரியவில்லை? ஆட்டோ ஸ்டாண்டை நெருங்கும்போதுதான் நினைவுக்கு வந்தது, அந்த நேரமெல்லாம் அவள் கண் இருந்தது திரையின் மூலையில் தன் முகம் தெரிகிற சின்னக் கட்டத்தில், தன் பல் எப்படித் தெரிகிறது என்பதில். பெரிய கட்டத்தில் அவர் என்ன முகத்தோடு இருந்தார் என்று யோசித்து யோசித்துப் பார்த்தாள், பின்னால் இருந்த சுவரின் பச்சை நிறம் மட்டும்தான் ஞாபகத்துக்கு வந்தது.