நனைக்காத தாள்

சாய ஆலையின் கழிவுநீர் நிலையத்தில் இரண்டாம் தொட்டி அவள் பொறுப்பு. முதல் தொட்டியில் பெராக்சைடு என்ற ரசாயனம் ஊற்றிச் சாயத்தை உடைப்பார்கள். மிச்ச அழுக்கை இரண்டாம் தொட்டியில் இருக்கும் நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் படையை வெல்லப்பாகு ஊட்டி, காற்று ஊதி, மூன்று வருஷமாக வளர்த்தவள் அவள். மனிதர்களுக்கு ஆக்கிப் போட்டால் உப்பில்லை, உறைப்பில்லை என்பார்கள். இதுங்க வாயைத் திறக்காது என்பாள்.

அந்தப் பெராக்சைடு கொஞ்சம் மிச்சமிருந்து இரண்டாம் தொட்டிக்குள் வந்தாலும் படை பூண்டோடு காலி. அதனால் வால்வைத் திறக்கும் முன் சோதனைத் தாளை நனைத்துப் பார்ப்பாள். தாள் நீலமானால் திறக்கக் கூடாது.

அன்று தாளை எடுத்தபோது அத்தான் வேகமாக வந்தார். அக்காவின் கணவர், ஆலையின் ஆய்வகம் அவர் கையில்தான். பின்னாலேயே பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு அக்கா. அவளுக்கும் ஆய்வகத்தில்தான் வேலை.

"நான் பாத்துட்டேன், சுத்தமா இருக்கு. மொதத் தொட்டி நிரம்பி வழியுது, சீக்கிரம் தொற!"

வேறு யார் சொல்லியிருந்தாலும் தாளை நனைத்திருப்பாள். அத்தான் ஆயிற்றே, அவர் கண்ணெதிரே சோதித்தால் முகத்தில் அடித்த மாதிரி இருக்காதா? தாளைப் பைக்குள் போட்டுவிட்டு வால்வைத் திறந்தாள். பாழாய்ப்போன மரியாதை!

மறுநாள் காலை தொட்டி முழுக்க வெள்ளை நுரை. வழக்கமான மண்வாசனை போய்க் குடலைப் பிடுங்கும் நாற்றம். மூன்று வருஷப் படை ஒரே ராத்திரியில் காலி.

மேலாளர் மூவரையும் அறைக்குக் கூப்பிட்டார். "தப்பு யார் மேலயோ, அவங்களுக்கு இன்னையோட வேலை கெடையாது. யார் தொறக்கச் சொன்னது?"

"அத்தான்தான் சார்."

"நானா? நான் எதுக்குச் சொல்றேன்? சோதிச்சுப் பாக்குறது அவ வேலை." வாய் கூசாமல் சொன்னார்.

அவள் பதறவில்லை. அக்கா இருக்கிறாளே! சின்ன வயதில் இவளுக்காக எத்தனை அடி வாங்கியவள்.

மேலாளர் அக்காவிடம் திரும்பினார். "நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?"

அக்கா தரையைப் பார்த்தாள். "எனக்கு எதுவும் காதுல விழலைங்க."

வெளியே வந்ததும் அக்கா ஓடிவந்து கையைப் பிடித்தாள். "அவருக்கு வேலை போச்சுன்னா என் ஒருத்தி சம்பளம் எதுக்குப் பத்தும்? நாங்க நடுத்தெருதான்டி. நீ ஒண்டிக்கட்டை, எங்க போனாலும் பொழச்சுக்குவே. எனக்கு அவரை விட்டா யாரு இருக்கா?"

அவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

"எனக்கு நீ இருக்கேன்னு நெனச்சேன்க்கா."