பியோ மான்-சுவும் ஏழாம் வாசலும்

குன்சான் துறைமுகத்துக்குப் பின்னால், மீன் காயப்போடும் சந்தில் இருக்கும் பிசிபாங் என்ற நிலவறைக் கணினி விளையாட்டுக் கூடத்திலிருந்து பியோ மான்-சு படியேறினால், அதே நிலவறைக்குத்தான் வந்து சேர்வான். மற்றவர்களுக்கு அந்தப் படிக்கட்டில் ஒரு குறையும் இல்லை. பள்ளி விட்டு வரும் பையன்கள் இறங்கி, கணினிகளின் முன் உட்கார்ந்து விளையாடி, நூடுல்ஸ் தின்றுவிட்டு ஏறிப் போனார்கள். மான்-சு மட்டும் திருப்பத்தில் கைப்பிடியைப் பற்றி, மேலே தெரியும் பகல் வெளிச்சத்தை நோக்கிக் கால் வைப்பான். அடுத்த அடி கல்லாவுக்குப் பக்கத்தில் விழும். கடைக்காரி மா ஓக்-ரன் முதல் சில தடவை அலறினாள். பிறகு, "வந்துட்டியா தம்பி? வந்ததுதான் வந்தே, அந்தக் கிண்ணத்தை எடுத்துக் குடுத்துட்டுப் போ" என்று சொல்லப் பழகிக்கொண்டாள்.

இதற்குக் காரணம் அவன் வாய்தான் என்று சந்தில் எல்லோருக்கும் தெரியும். கப்பல் பட்டறை மூடி வெல்டர் வேலை போனபின் மான்-சு பகலெல்லாம் அங்கேயே கிடந்தான். 'பனிமகுடம்' என்ற விளையாட்டின் புதிய பாகம், 'ஏழாம் வாசல்', வரப்போவதாக அறிவித்து ஒரு சிறிய முன்னோட்டம் வெளியிட்டிருந்தார்கள். பூட்டிய வாசல், அதன் முன் வெள்ளை உடையில் ஒரு பெண், அவள் கையில் ஒரு விளக்கு. காற்றில் அவள் கூந்தல் பறக்கிறது, விளக்கின் சுடர் அசையவில்லை. நாடு முழுக்க ரசிகர்கள் இணையத்தில் அந்தச் சுடரைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் செத்துப்போன ராணி என்றார்கள் சிலர், ராணியைக் கொன்றவள் என்றார்கள் வேறு சிலர். அவள் வாசலுக்கு வெளியே இல்லை, உள்ளே அடைபட்டு நிற்கிறாள் என்று எழுதியவன் மான்-சு ஒருவன்தான். வேலை வெட்டி இல்லாதவனின் கற்பனை என்று யாரோ கேலி செய்ய, அவன் ரோஷத்தில், அந்த வாசல் திறக்கும்வரை இந்தப் படியை ஏறமாட்டேன் என்று பதிலுக்கு எழுதிவிட்டான். அன்று சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பியபோது படிக்கட்டு அவன் சொல்லை ஏற்றுக்கொண்டிருந்தது.

வசந்தத்தில் வரவேண்டிய ஏழாம் வாசல் இலையுதிர் காலத்துக்குத் தள்ளிப்போயிற்று, பிறகு அடுத்த ஆண்டுக்கு, பிறகு தேதியே சொல்லாமல் நின்றுபோயிற்று. மான்-சுவை வெளியேற்ற எல்லாம் செய்து பார்த்தார்கள். சுவரை உடைத்து அடுத்த கட்டடத்துக்கு வழி பண்ணினார்கள். அதில் தவழ்ந்து போனவன் பிசிபாங்கின் கழிப்பறையிலிருந்து வெளியே வந்தான். தீயணைப்பு வீரர் ஒருவர் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினார். தெருவுக்கு வந்தபோது அவர் தோளில் மான்-சுவின் ஜாக்கெட் மட்டும் இருந்தது. ஓக்-ரன் மூலையில் ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தாள். அவன் கணினிகளைத் துடைத்தான், நூடுல்ஸ் கொதிக்கவைத்தான், வெயிலின் நிறம் மறந்துபோய் வெளிறினான். சில நாட்களில் படிக்கட்டின் அடியில் நின்று, மேலே போகிறவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டே இருப்பான். தூக்கத்தில் மூச்சு முட்டி எழுந்து சுவரை அறைவான்.

மருத்துவமனைச் சமையலறையில் வேலை பார்த்த அவன் மனைவி சோன் ஹ்யே-ரிம் தினமும் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு, பேசாமல் போய்விடுவாள். புருஷன் ஓடிப்போனால் ஊரிடம் சொல்லி அழலாம். இதை எப்படிச் சொல்லி அழுவது? விளையாட்டு என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்கு உடம்பெல்லாம் எரியும்.

மூன்றாம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் கடல் ஏறி, சந்து ஆறாகி, தண்ணீர் படி வழியே இறங்கியது. ஓக்-ரன் பையன்களை மேலே விரட்டினாள். மின்சாரம் போயிற்று. மான்-சு ஏறினான், ஏறிய வேகத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் வந்து நின்றான். மறுபடி ஏறினான். அப்போது வெள்ளத்தைத் தள்ளிக்கொண்டு ஒரு கைவிளக்கோடு ஹ்யே-ரிம் இறங்கிவந்தாள்.

"பைத்தியமா உனக்கு? மேல போ. உனக்குத்தான் படி வழி விடுதே."

"வாயை மூடிக்கிட்டு மேசை மேல ஏறுங்க."

இருவரும் கல்லா மேசையில் ஏறி, கூரையை முதுகு தொட உட்கார்ந்தார்கள். தண்ணீரில் நாற்காலிகள் மிதந்தன. அவள் கேட்டாள்:

"சரி, அந்தப் பொம்பள யாரு?"

"எந்தப் பொம்பள?"

"விளக்கு வெச்சுக்கிட்டு நிக்கிறாளே, நம்ம குடியைக் கெடுத்தவ. சாகப்போற நேரத்துலயாவது தெரிஞ்சுக்கிறேன்."

அவன் சொன்னான். கூந்தலைப் பறக்கவைக்கிற காற்று, சுடரை மட்டும் ஏன் தொடவில்லை என்று, குளிரில் பல் தந்தியடிக்க விளக்கினான். முன்பெல்லாம் எழுந்து போய்விடுகிறவள், அன்று போக இடமில்லாமல் கேட்டாள்.

"உள்ள மாட்டிக்கிட்டவன்னா, இத்தனை வருஷமா அவ விளக்கு எப்படிங்க எரியுது? எண்ணெய் யாரு ஊத்துறா?"

மான்-சுவுக்கோ, லட்சக்கணக்கான ரசிகர்களுக்கோ அது தோன்றியிருக்கவில்லை.

"யாரோ ஒருத்தர் வெளியிலேர்ந்து வந்துட்டுப் போறாங்க," என்றாள் அவள். "அது யாருன்னு தேடுங்கய்யா. அவளையே மொறச்சுப் பாத்துக்கிட்டு!"

தண்ணீர் அவர்கள் கழுத்துவரை வந்து, நின்று, சாயங்காலம் வடிந்தது. கணினிகள் எல்லாம் போய்விட்டன. ஓக்-ரன் புதியவை வாங்கிப் போட்டதும், ஹ்யே-ரிம் தன் கேள்வியைத் தானே எழுதினாள். 'எண்ணெய்க்காரி' என்று பெயர் வைத்துக்கொண்டாள். ரசிகர் கூட்டம் இரண்டாகப் பிளந்தது. எண்ணெய் ஊற்றுபவர் யார் என்பதைப் பற்றி மட்டும் படிக்க ஒரு குளிர்காலம் போதாது என்கிற அளவுக்கு எழுதினார்கள். தலைநகர் சியோலில் இருக்கும் மாணவர்களோடு அவள் வெங்காயம் உரித்தபடியே சண்டை போட்டாள். "பொடிப்பயலே, முன்னோட்டத்தை இன்னொரு தரம் பாத்துட்டு வந்து பேசு" என்று திரையைப் பார்த்து அவள் ஏசுவதை, பக்கத்து நாற்காலியிலிருந்து மான்-சு புதுப்பெண்ணைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

ஐந்தாம் ஆண்டு ஏழாம் வாசல் வந்துவிட்டது. வாசல் திறந்தது. அந்தப் பெண் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. கதவில் வரைந்த ஓவியம் அவள். எண்ணெய் ஊற்ற யாரும் இல்லை. நாடு முழுக்க ரசிகர்கள் கொதித்தார்கள். சந்துக்காரர்களுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. மீன்காரிகள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் படிக்கட்டின் உச்சியில் கூடினார்கள். ஹ்யே-ரிம் அவனுக்குப் புதுச் சட்டை போட்டுவிட்டு, முன்னால் ஏறிப்போய்த் தெருவில் கை நீட்டி நின்றாள். மான்-சு ஏறினான். திருப்பத்தில் அவன் முகம் எல்லோருக்கும் தெரிந்தது. பிறகு கீழே கல்லாவுக்குப் பக்கத்தில் செருப்புச் சத்தம் கேட்டது.

ஹ்யே-ரிம் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு இறங்கிவந்தாள். சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தவனிடம், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதார்கள். ஓக்-ரன் அன்று கடையைச் சீக்கிரம் மூடினாள். அந்த மாதமே ஹ்யே-ரிம் மேலே இருந்த வாடகை வீட்டைக் காலி செய்து, ஊறுகாய் ஜாடிகளோடு கீழே குடிவந்தாள். இப்போது சந்தில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. மீனுக்கு முள் இருப்பது போல மான்-சுவுக்கு அந்த நிலவறை என்று வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த குளிர்காலத்தில் பனிமகுடத்தின் எட்டாம் பாகத்துக்கு முன்னோட்டம் வந்தது: மணலில் புதைந்த ஒரு கப்பல். பாலைவனம் என்றாள் ஹ்யே-ரிம். அவள் வெங்காயத்தாள் வாங்க மேலே போய், குளிரில் சிவந்த மூக்கோடு திரும்பினாள். மேல்கோட்டை உதறியபோது தோளிலிருந்த பனியில் கொஞ்சம் அவன் உள்ளங்கையில் விழுந்தது. அது முழுக்கக் கரையும்வரை அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஹ்யே-ரிம், அது மணல் இல்ல. பனி."

அவள் வெங்காயத்தாளை மேசையில் போட்டாள். "நகருங்க. அந்த சியோல் பொடிப்பய முந்திக்கிறதுக்குள்ள எழுதணும்."