தகரப்பெட்டியில கிடந்த கம்பளி

கம்பளிய எங்க கொண்டு ஒளிக்கதுன்னு தெரியாம பூங்கனி அந்த அறைக்குள்ள நாலு சுத்து சுத்திட்டா. கட்டிலுக்கு அடியில தள்ளினா. ஒரு மூலை வெளிய எட்டிப் பாத்துட்டு நின்னுது. இழுத்து எடுத்து சுருட்டினா. சவம், மலைப்பாம்பு கணக்கா கையில அடங்கமாட்டேன்னுது. வெளிய டாக்டருக்க கார் தேரி மணலுல புதையதும் ஏறதுமா கிடந்து உறுமுது. அந்தச் செம்மணல் மட்டும் இல்லேன்னா இந்நேரம் ஆளு உள்ள வந்திருப்பாரு.

கட்டில்ல மிஸ்ஸியம்மா கிடக்காவ. மூஞ்சி அரச்ச வத்தல்மொளவு மாதிரி செவந்து போச்சு. ஒடம்புல ஒரு பொட்டு வேர்வ கிடையாது. தொட்டா சுட்ட ஓடு. வாய் மட்டும் என்னமோ முணங்குது. தமிழும் இல்ல, இங்கிலீசும் இல்ல, சின்னப் பிள்ளையில அவிய பேசின ஏதோ பாஷை.

பூங்கனி தகரப்பெட்டியத் தொறந்து கம்பளிய உள்ள திணிச்சு, மேல ஏறி இருந்து அமுக்கி மூடினா. ரெண்டு சன்னலையும் படார்னு தொறந்தா. செம்புத் தண்ணிய ஒரு துண்டுல கவுத்து மிஸ்ஸியம்மாக்க நெத்தியில போட்டா. அவ ஓலை விசிறிய கையில எடுக்கவும் டாக்டர் சுந்தரராஜ் வாசப்படியில காலு வைக்கவும் சரியா இருந்துது.

டாக்டர் நாடியப் பிடிச்சாரு. கண்ண விரிச்சுப் பாத்தாரு. திரும்பிப் பாக்காமலே கேட்டாரு.

"எப்ப விழுந்தாவ?"

"பதினோரு மணி இருக்கும் ஐயா."

"அப்பமே சன்னலத் தொறந்தியா?"

"தொறந்தேன் ஐயா."

"ஈரத்துணி?"

"போட்டேன்."

"விடாம விசிறினியா?"

"விசிறினேன் ஐயா."

மூணு கேள்வி, மூணு பொய். சேவல் கூவதுக்கு முன்ன இயேசுவத் தெரியாதுன்னு மூணு மட்டம் சொன்ன பேதுரு மாதிரி. ஆனா சேவலொண்ணும் கூவல. மணி ரெண்டரை, வெளிய கோழியெல்லாம் உடைமரத்து நெழலுல வாயப் பொளந்துட்டு கிடந்துது.

டாக்டர் பெருமூச்சு விட்டாரு. "இவ்வளவும் செஞ்சும் சூடு எறங்கலியே பிள்ளே"ன்னாரு. அந்தப் பேச்சுக்குள்ள என்ன இருக்குன்னு அப்ப பூங்கனிக்கு வெளங்கல.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு கிழக்க, ஓடை வத்தி, உடைமரமும் பனையுமா கிடக்க தேரி ஓரத்துல இருக்கு, பிள்ளையள் தங்கி லேஸ் பின்னப் படிக்க அந்தப் பள்ளிக்கூடம். அத நடத்துக மிஸ்ஸியம்மா அங்க வந்து பதினோரு வருஷம். அதுக்கு முன்ன ஸ்காத்லாந்துல, மலைக்கு மேல, ஒரு கல்லு வீடு. வருஷத்துல நாலு மாசம் பனி பெய்யுமாம். நம்ம மார்கழிப் பனி இல்ல. இடுப்பு ஒயரத்துக்கு வெள்ளையா குமிஞ்சு, கதவத் தொறக்க மம்பட்டி வேணுமாம். மத்தியானம் மூணு மணிக்கே இருட்டிப் போகுமாம். இதச் சொன்ன அன்னைக்கு செசிலி, பூங்கனிக்க கூட்டாளி, பாய்ல உருண்டு உருண்டு சிரிச்சா.

"மம்பட்டியா மிஸ்ஸியம்மா? அப்பம் உங்க ஊர்ல களை வெட்ட ஆளு கெடைக்காதே!"

மிஸ்ஸியம்மா வேதப்புஸ்தகத்துல தமிழ் படிச்சவிய. 'ஏட்டி'யும் 'மக்கா'வும் மட்டும் பிள்ளையளுக்கிட்ட இருந்து எடுத்துக்கிட்டாவ. "ஏட்டி செசிலி, நீ பரியாசம் பண்ணுகிறாய். நான் அந்தப் பனியைக் கொடுத்து இந்த வனாந்தரத்தை வாங்கினேன். மெய்யாகவே நல்ல வியாபாரம். முதல் நாள் இந்த வெயில் என் எலும்புக்குள் இறங்கிற்று. அன்றைக்கே சொன்னேன், என்னை இங்கே புதைக்கக்கடவர்கள்." அடக்கம் பண்ண ஒரு பனைக்க அடிமூடுகூட பாத்து வச்சிட்டாவ. சர்ச்சுக்கு வடக்க, மூணாவது பனை.

ஆனா ஒடம்பு அந்த வியாபாரத்துக்கு சம்மதிக்கல. போன வருஷம் பங்குனியில ஒரு மட்டம் மயங்கி விழுந்தாவ. டாக்டர் அப்பமே கண்டிசனா சொல்லிட்டாரு: "இன்னொரு மட்டம் விழுந்தா, ஊருக்குக் கப்பல்தான். மிஷன் கமிட்டிக்கு நானே எழுதுவேன்." மத்த மிஸ்ஸிமாரெல்லாம் வெயிலு காலத்துக்கு கோடைக்கானலுக்கு ஏறிப் போவாவ. இவிய போவமாட்டாவ. அதுக்குப் பதிலா பூங்கனியக் கூப்பிட்டு, மனப்பாட வசனம் படிச்சுக் குடுக்க மாதிரி படிச்சுக் குடுத்தாவ. "நான் விழுந்தால் என்ன செய்வாய்?" "சன்னலத் தொறப்பேன், துணிய நனச்சு ஒடம்பெல்லாம் போடுவேன், ஆளு வாறது வரைக்கும் விசிறுவேன்." ஞாயித்துக்கெழமை தோறும் கேப்பாவ. பூங்கனி ஒரு வார்த்தை பிசகாம ஒப்பிப்பா.

அந்த சித்திரை லீவுக்கு பிள்ளையளெல்லாம் வீட்டுக்குப் போயாச்சு. பூங்கனிக்கு போக வீடு கிடையாது. அப்பா இல்ல, அம்மை நேசம்மாள் அசம்பு மலைத் தோட்டத்துல கூலிக்கு நிக்கா. அதனால மிஸ்ஸியம்மா, சமையல்காரர் செல்வதாஸ் அண்ணன், பூங்கனி, மூணு பேருதான்.

இந்த மட்டம் விழுந்த அன்னைக்கு காத்து செத்துப் போச்சு. கணவாய்ல காத்து இல்லாத நாளு வருஷத்துல நாலோ அஞ்சோதான் வரும். பனையோலை ஒண்ணு அசையல. மிஸ்ஸியம்மா கெணத்தடியில இருந்து வந்தவிய, "பூங்கனி"ன்னு கூப்பிட்டாவ, சரிஞ்சிட்டாவ. செல்வதாஸ் அண்ணன் தூக்கி கட்டில்ல போட்டுட்டு சைக்கிள எடுத்தாரு. "நான் நாகர்கோவிலுக்கு மிதிக்கேன். நீ பக்கத்துலயே நில்லு மக்கா, பயப்படாத"ன்னாரு. போய்ட்டாரு.

சன்னலு தொறந்துதான் கிடந்துது. பூங்கனி துணிய நனச்சா. நெத்திக்கிட்ட கொண்டு போனா. கை நின்னு போச்சு.

ஆறு வருஷத்துக்கு முன்ன அவளுக்க தம்பி இஸ்ரவேலுக்கு நாலு வயசு. காச்சல்ல பொரிஞ்சுட்டு கிடந்தான். அம்மை அறுப்புக்குப் போயிருந்தா. தம்பி கொதிக்கானேன்னு பூங்கனிதான் ஈரத்துணிய அவன் நெத்தியிலயும் நெஞ்சுலயும் போட்டா. அவளுக்கு அப்ப ஒம்பது வயசு. அடுத்த வீட்டு தாணம்மாள் அக்கா ஓடி வந்து, "ஏட்டி, காச்ச ஒடம்புல ஈரத்தப் போடுதியா? ஜன்னி கண்டுரும்டீ!"ன்னு கத்தினா. விடியதுக்குள்ள பயலுக்கு கை காலு வெட்டி இழுத்துது. போய்ட்டான். அம்மை ஒரே ஒரு மட்டந்தான் சொன்னா, "நீ போட்ட தண்ணிதான்டீ அவனக் கொண்டு போச்சு"ன்னு. பொறவு அதப் பத்தி ஒரு நாளும் வாயத் தொறக்கல. ஒரு மட்டம் சொன்னது போதாதா?

இப்ப மிஸ்ஸியம்மாக்க கையும் லேசா வெட்டி வெட்டி இழுக்கு. அதே இழுப்பு. துணியில இருந்து ஒரு சொட்டு அவிய கழுத்துல விழுந்துது. ஒடம்பு அப்படியே சிலுத்து நடுங்கிச்சு.

பூங்கனி துணியத் தூர எறிஞ்சா. சன்னல ரெண்டையும் சாத்தி கொண்டியப் போட்டா. எதக் கொண்டு மூடன்னு தேடினா. தகரப்பெட்டிக்குள்ள மிஸ்ஸியம்மா ஊர்ல இருந்து கொண்டு வந்த கம்பளி, வேப்பிலையும் பாச்சா உருண்டையும் போட்டு எட்டு மடிப்பா மடிச்சது, பதினோரு வருஷமா தொடாம கிடந்துது. அத எடுத்து தலையில இருந்து காலு வரைக்கும் மூடினா. ஓரத்த மெத்தைக்கு அடியில சொருகினா. சுக்குத் தண்ணி காச்சி கரண்டியால ஊத்தினா. முட்டுக்குத்தி ஜெபம் பண்ணினா. ஒரு மணி நேரம் கழிச்சு மிஸ்ஸியம்மாக்க நடுக்கம் நின்னப்ப, கர்த்தர் கேட்டுட்டாருன்னே நெனச்சா. அப்பறம் கைய வச்சுப் பாத்தா. அந்தச் சூட்டுல கைய வைக்க முடியல. அவிய மூச்சு நாய்க்கு இளைக்க மாதிரி இளைச்சுது. அப்பந்தான் கார் சத்தம் கேட்டுது.

டாக்டர் ராத்திரி முழுக்க இருந்தாரு. கெணத்துத் தண்ணி குடங்குடமா வந்துது. சேலைய நனச்சு நனச்சு ஒடம்பெல்லாம் போட்டாரு. ஜன்னி வரல. ஈரம் யாரையும் கொல்லல. விடியும்போ மிஸ்ஸியம்மா கண்ணத் தொறந்து, தண்ணி கேட்டாவ. பூங்கனி அழுதா. அப்பம் தம்பியும் அந்தத் துணியால சாவலியோ? ஆறு வருஷமா சுமந்த பாரம் எறங்கின அந்த நிமிஷமே வேற பாரம் ஏறிட்டுது. அத எங்க கொண்டு எறக்க?

நாலாம் நாளு கமிட்டியில இருந்து காயிதம் வந்துது. டாக்டர் எழுதினது இதுதானாம்: செய்ய வேண்டியது எல்லாத்தையும் அந்தப் பெண்ணு ஒடனே செஞ்சிருக்கா, அதுக்குப் பொறவும் சூடு எறங்கல, இந்த ஒடம்பு இந்த ஊருக்கு ஒத்து வராது. வைகாசி பன்னெண்டாம் தேதி தூத்துக்குடியில இருந்து கொழும்பு, அங்க இருந்து சீமைக்கு.

லீவுல வீட்டுக்குப் போயிருந்த செசிலி சேதி கேட்டு ஆரல்வாய்மொழியில இருந்து ஓடி வந்தா. பனைமூட்டுல வச்சு பூங்கனி எல்லாத்தையும் கொட்டிட்டா. செசிலிக்கு சிரிப்பு வராத நாளு அது ஒண்ணுதான்.

"ஏட்டி, வாயத் தொறந்துராத. மிஸ்ஸியக் கொல்லப் பாத்தான்னு சொல்லுவாவ. ஒன்ன வெளிய தள்ளினா எங்க போவ? ஒங்க அம்மைக்க கூட மலைத்தோட்டத்துல அட்டைக்கடி படவா?"

"சொல்லாட்டி அவிய போகணுமேட்டி."

"போகட்டும். அவிய ஊருதானே."

"அது அவிய ஊரு இல்லேன்னு அவியளே சொல்லியாச்சுல்லா."

செசிலி மூணாவது பனையப் பாத்துட்டு நின்னா.

பொறப்படதுக்கு மொத நாளு சாயங்காலம், மிஸ்ஸியம்மா பெட்டி கட்டிட்டு இருந்தாவ. மெலிஞ்சு, சட்டை தோள்ல தொங்கிச்சு. "பூங்கனி, தகரப்பெட்டியைத் திற. கப்பலில் குளிரும். அந்தக் கம்பளி வேண்டும்"ன்னாவ.

பூங்கனி மூடியத் தூக்கினா. கம்பளி சுருண்டு, கசங்கி, ஒரு மூலை உள்வாங்கி, திணிச்ச கோலத்துலயே கிடந்துது. வேப்பிலை பொடிஞ்சு அதுல ஒட்டிட்டு இருந்துது. அதத் தொறந்து மடிச்சு வைக்க இந்த ஒரு மாசமா அவளுக்கு தைரியம் வரல.

மிஸ்ஸியம்மா பாத்தாவ. மடியில எடுத்து வச்சு, ஒவ்வொரு வேப்பிலையா பொறுக்கினாவ.

"நான் மயங்கிக் கிடந்த நேரம் என் வீட்டுக்குப் போயிருந்தேன் ஏட்டி. வெளியே பனி. அம்மா எனக்குக் கம்பளி போர்த்தினாள். இறுக்கிப் போர்த்தினாள், மூச்சு முட்டிற்று. பாச்சா உருண்டை மணம் அடித்தது." இன்னொரு இலையப் பொறுக்கி வச்சாவ. "என் அம்மா பாச்சா உருண்டை வைக்கிறவள் அல்ல. அவள் லவங்கம் வைப்பாள்."

வெளிய கணவாய்க் காத்து வந்தாச்சு. சன்னல் கதவு ரெண்டும் கிடந்து அடிக்கு.

மிஸ்ஸியம்மா அவ கையப் பிடிச்சாவ. கோவம் இல்ல. கோவம் இருந்திருந்தா நல்லாருந்திருக்கும்.

"எல்லாம் செய்தும் என் சரீரம் தாங்கவில்லை என்று டாக்டர் எழுதியிருக்கிறார். அது மெய்யானால் நான் மறுபேச்சில்லாமல் கப்பல் ஏறுவேன். அது மெய்தானா என்று எனக்குத் தெரிய வேண்டும். உனக்கு மாத்திரம்தான் தெரியும். சொல்லு மக்கா, நீ எல்லாம் செய்தாயா?"