அண்ணி ஆஜரான வழக்கு

"அண்ணி, இதுக்குத் தடை வாங்கணும்" என்று கொழுந்தன் புத்தகத்தை மேசைமேல் போட்டபோது வக்கீலம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் மகள் எழுதியது. அட்டையில் நாவல் என்று போட்டிருந்தாலும் உள்ளே இருந்த வீடு அவர்கள் வீடுதான். போன வாரமே படித்துவிட்டாள். முடித்ததும் அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வரவில்லை. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள்.

எதையாவது எழுதி மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் அவள் அலுவலகப் படியேறித்தான் வருவார்கள். கார்ட்டூன் போட்டவன், மேடையில் அமைச்சரைக் கிண்டலடித்தவன், முதலாளியைப் பற்றிப் பாட்டுக் கட்டிய டிரைவர். பேச்சுரிமை பற்றி அவள் எழுதிய இரண்டு நூல்களும் சட்டக் கல்லூரியில் பாடம். "வாய்க்குப் பூட்டுப் போடறவன், உன் நல்லதுக்குத்தான்னு சொல்லிக்கிட்டே போடுவான்" என்பாள் கூட்டங்களில். கைதட்டுவார்கள்.

"அண்ணனைக் கை நீட்டறவன்னு எழுதியிருக்கா. செத்தவன் எழுந்து வந்து பதில் சொல்லவா முடியும்? நாலு பேர் முகத்துல எப்படி முழிக்கிறது?"

"கேஸ் வந்தா பதிப்பாளருக்காக நான் நிக்கறேன்னு வாக்குக் கொடுத்துட்டேன், தம்பி."

அவன் புத்தகத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டான். "உங்களைப் பத்தியும்தானே அதுல இருக்கு?"

"படிச்சேன்."

அவன் வேறு வக்கீலைப் பார்த்துக்கொண்டான்.

விசாரணை அன்று மகள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தாயும் மகளும் பேசி வருஷக்கணக்காகியிருந்தது. ஆட்சேபத்துக்குரிய பக்கத்தை வாசிக்கச் சொன்னார் நீதிபதி. வக்கீலம்மாவே எழுந்தாள்.

"'அப்பா பெல்ட்டைச் சுருட்டி வைத்துவிட்டுத் தூங்கப் போனார். அம்மா என் முதுகில் மருந்து தடவினாள். வெளியில யார்கிட்டயும் சொல்லாதே கண்ணு என்றாள். மறுநாள் அவளுக்கு ஒரு பத்திரிகைக்காரரின் வழக்கு இருந்தது.'"

கார்ட்டூன்காரனுக்காக வாதாடிய அதே குரல். ஏற்ற இறக்கமே இல்லை.

"இதெல்லாம் பொய்ங்கறாரு மனுதாரர். நீங்க என்ன சொல்றீங்க?"

"எழுதினவங்களுக்கு அதை எழுத உரிமை இருக்குங்க ஐயா." புத்தகத்தை மூடினாள். "இதுல வர்ற அம்மாவுக்கு ஆட்சேபணை இல்லை."

தடை கிடைக்கவில்லை. கொழுந்தன் அவளைப் பார்க்காமலே வெளியேறினான். பதிப்பாளர் என்னவோ சொல்லிக் கையைக் குலுக்கினார். அவளும் என்னவோ சொன்னாள். ஜெயித்த நாளில் அவளுக்கு அகோரமாகப் பசிக்கும். இன்றைக்கு அதுவும் இல்லை.

தாழ்வாரத்தின் கோடியில் நின்று வெள்ளைக் கழுத்துப்பட்டையை அவிழ்க்கப் பார்த்தாள். பின்கழுத்தில் நாடா முடிச்சு இறுகிக் கிடந்தது. விரல்கள் வேறு யாருடையவையோ போலத் தடவிக்கொண்டிருந்தன. பின்னால் காலடி வந்து நின்றது.

"குனி" என்றாள் மகள்.

குனிந்தாள். முடிச்சு லேசில் வரவில்லை. மகள் நகத்தால் நெம்பினாள், கொஞ்சம் விட்டாள், மறுபடி நெம்பினாள். கட்டுக்கட்டாகக் காகிதம் சுமந்து வந்தவர்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு போனார்கள்.