பதினைந்து நாள் பெட்டிப் பாடம்

டேப் ரிக்கார்டரை வசந்தாமணியின் கையில் கொடுக்கும்போது பயிற்சி நிறுவன விரிவுரையாளர் நூறு முறை 'பத்திரம்' சொன்னார். எடப்பாடிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் அவளுக்கு ஒரு மாதக் கற்பித்தல் பயிற்சி. ஐந்தாம் வகுப்புக்குப் பதினைந்து நாள் இந்தப் பெட்டியை வைத்துப் பாடம் நடத்தி, இதனால் வகுப்பறைக்கு உபயோகம் உண்டா இல்லையா என்று அறிக்கை எழுத வேண்டும். அது 1984ஆம் வருஷம். திருச்செங்கோட்டுக்குத் தெற்கே வெள்ளாமை செய்யும் காட்டுக்காரர் குடும்பத்தில் பிறந்து, எருமையை அதட்டியே குரல் வளர்த்தவள் அவள். தன் குரலைப் பெட்டிக்குள் கேட்டதும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பெட்டியையும் குறை சொல்லக் கூடாது. கேள்வியைப் பதிவு செய்து, பதில் எழுத இடைவெளி விட்டு ஓட்டினாள். வாயே திறக்காத பிள்ளைகள்கூட ஆசையாக எழுதினார்கள். இரண்டாம் முறை கேட்கப் பயப்படுகிற பிள்ளைக்கு அது சலிக்காமல் மறுபடி சொன்னது. எந்த வாத்தியாருக்கு அவ்வளவு பொறுமை இருக்கிறது? நாற்பத்தொரு பிள்ளைகளில் நாற்பது பேருக்கு மதிப்பெண் ஏறியது.

ஏறாதவள் பாப்பாயி. விசைத்தறி ஓட்டுகிற குழந்தைவேலின் மகள். பெட்டி வருவதற்கு முந்தின வாரம் வசந்தாமணி நேரில் கேட்டதற்கெல்லாம் முந்திக்கொண்டு பதில் சொன்னவள், பெட்டி பேசத் தொடங்கியதும் வெறும் பலகையோடு உட்கார்ந்திருந்தாள். அதுவும் பெட்டியைப் பார்க்காமல் டீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டு. அது வசந்தாமணிக்கு எரிச்சலாக இருந்தது. 'என் மூஞ்சியில என்ன எழுதியிருக்குது?' என்று கேட்டுக் கடைசி வரிசைக்கு அனுப்பினாள். முந்தின வாரம் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துச் சொல்லியிருக்கும் என்று தனக்குத் தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள். நாற்பத்தொரு பேருக்கும் ஏறியது என்று அறிக்கையில் எழுத முடியாதே என்ற கவலை அவளுக்கு. பதினைந்தாம் நாள் பாப்பாயியின் நோட்டில், 'கவனம் இல்லை. மந்தம். படிப்பு ஏறுவது கடினம்' என்று எழுதிப் பெற்றோருக்கு அனுப்பினாள்.

அடுத்த திங்கள்கிழமை பாப்பாயி வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. தலைமையாசிரியரைக் கேட்டதற்கு, "அவங்கப்பன் வந்து நோட்டப் படிக்கச் சொல்லிக் கேட்டாரும்மா. படிச்சேன். தறியில தார் சுத்தறதுக்கு உட்டுட்டாராட்ட இருக்குது," என்றார்.

வசந்தாமணி குழந்தைவேலின் இடத்தை விசாரித்துக்கொண்டாள். பள்ளி விட்டதும் தறி ஷெட்டைத் தேடிப் போனாள். உள்ளே எட்டுத் தறிகள் ஓடின. காதுக்குள் யாரோ உரலில் இடிப்பது போல இருந்தது. ஓர் ஓரத்தில் பாப்பாயி தறியில் குறுக்கே பாயும் நாடாவுக்கான தார்க் குச்சிகளில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். ஷெட்டின் அந்தக் கோடியில் நின்ற அவள் அம்மா வாயை மட்டும் அசைத்தாள். சத்தமே இல்லை. பாப்பாயி நிமிர்ந்து பார்த்து, வாயசைத்துப் பதில் சொல்லிவிட்டு, சரியாக மஞ்சள் நூலை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

தன் மூஞ்சியையே அது ஏன் பார்த்தது என்று வசந்தாமணிக்கு உறைத்தது. கடைசி வரிசைக்கு அனுப்பியபோது அந்தப் பிள்ளையின் முகம் போன போக்கு அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

குழந்தைவேல் பக்கத்தில் வந்து அவள் காதோடு கத்தினார். "ஏறாதுன்னு நீங்கதானுங்க எழுதிக் குடுத்தீங்க?"

வசந்தாமணி அவரையும் வரச் சொல்லிக் கையசைத்தாள். நூலைக் கொடுத்துவிட்டுத் திரும்பிய பாப்பாயியின் எதிரே போய்க் குந்தி உட்கார்ந்தாள். குரல் எழுப்பாமல் வாயை மட்டும் அசைத்து, பெட்டியில் கேட்ட அதே கேள்விகளைக் கேட்டாள். ஏழெட்டு எத்தனை? காவேரி எங்கே பிறக்குது? பாப்பாயியின் உதடுகள் தயங்காமல் அசைந்தன. அதைப் படிக்க வசந்தாமணிக்குத் தெரியவில்லை. டீச்சர் மலங்க விழிப்பதைக் கண்ட குழந்தைவேல் குனிந்து, "அம்பத்தாறுங்குது," என்று அவள் காதில் கத்தினார். "குடகுங்குது." ஐந்தாவது பதிலைச் சொல்லும்போது அவருக்கே ஏதோ சந்தேகம் தட்டியது. விறுவிறுவென்று போய் மெயின் சுவிட்சை அணைத்தார்.

தறிகள் நின்றன. அவர் மகளுக்குப் பின்னால் வந்து நின்று, "பாப்பாயி," என்றார். அவள் குனிந்து நூல் சுற்றிக்கொண்டே இருந்தாள். "சாமி, பாப்பாயி," என்றார் இன்னும் பலமாக. அவள் திரும்பவில்லை.

"தூரி கட்டித் தூங்க வெச்சு வளத்ததே இந்த ஷெட்லதானுங்க," என்றார் குழந்தைவேல். "ஊட்லயும் நாங்க வாயசைச்சேதான் பேசிக்குவோம். அதுக்கு எல்லாம் கேக்குதுன்னுதானுங்க இருந்தோம்." தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்திக்கொண்டார். அம்மா அந்தக் கோடியிலிருந்து, என்ன என்று வாயசைத்துக் கேட்டாள். அவர் கையசைத்து அவளைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

வசந்தாமணி பாப்பாயியின் மோவாயைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பினாள். "தப்பு என்னுதுதான் சாமி. நாளைக்கிப் பள்ளிக்கொடத்துக்கு வந்துரு. முன்னால உக்காந்துக்கலாம்."

பாப்பாயி அவள் வாயையே பார்த்தாள். அப்பா தலையசைத்ததையும் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்: "பொட்டி பேசுமுங்களா டீச்சர், நீங்க பேசுவீங்களா?"

"நான்தான் பேசுவேன்," என்றாள் வசந்தாமணி.

பிள்ளை சிரித்தது. பயிற்சி முடிய இன்னும் இரண்டே நாள்தான் இருந்தது. அதைச் சொல்ல வசந்தாமணிக்கு வாய் வரவில்லை.