பத்து நிமிட இருட்டு

பன்னிரண்டு வருடமாகத் தான் திட்டித் தீர்த்த விளக்குகளுக்கு ஒருநாள் தானே வக்காலத்து வாங்க வேண்டிவரும் என்று அக்கா கனவிலும் நினைத்ததில்லை. அந்த உள்விளையாட்டு அரங்கத்தின் எலக்ட்ரீஷியன் அவள். செயலாளர் முதல் கூட்டிப் பெருக்குகிறவர் வரை எல்லோருக்கும் அவள் 'அக்கா'தான்.

கூரையில் பதினாறு மெட்டல் ஹாலைடு விளக்குகள், ஒவ்வொன்றும் நானூறு வாட். சுவிட்சைப் போட்டதும் எரிகிற நல்ல புத்தி அவற்றுக்குக் கிடையாது. மங்கலாக முழித்து, சோக் உறுமி, ஐந்து நிமிடம் கழித்துத்தான் மனசு வைக்கும். நடுவில் கரண்ட் ஒரு நொடி கண்ணடித்தாலோ தொலைந்தது. சூடு ஆறுகிற வரை மறுபடி பற்றாது. இறகுப் பந்து நன்றாகத் தெரிய வேண்டுமென்று ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்திருந்ததால், பட்டப்பகலிலும் பத்து நிமிடம் கும்மிருட்டு.

எல்.ஈ.டி. விற்பவர் கமிட்டிக் கூட்டத்துக்கு வந்தபோது, மாதிரிக்கு ஒரு விளக்கைப் பழைய விளக்குக்குப் பக்கத்திலேயே மாட்டிக் காட்டினார். ஒளியளக்கும் கருவியைத் தரையில் வைத்தார். நூற்றைம்பது வாட் புதுசு, நானூறு வாட் பழசைவிட அதிகம் காட்டியது.

"பழசுக்கு வயசாக ஆக வெளிச்சம் குறையும் சார். ஒண்ணு பச்சையடிக்கும், ஒண்ணு ரோஸ் அடிக்கும். இது அப்படியே இருக்கும்."

"நிமிர்ந்து பாத்தா கண்ணு கூசுமே" என்றாள் அக்கா.

"கூசாம இருக்கப் பால் மாதிரி வெள்ள மூடி போட்டுத் தரோம்மா."

"உள்ள கரண்ட மாத்திக் குடுக்கற டிரைவர் பெட்டி போச்சுன்னா?"

"அஞ்சு வருஷம் கேரண்டி."

செயலாளர் அக்காவை வினோதமாகப் பார்த்தார். "ஏம்மா, போன மாசம்தான சாரத்துல ஏறி இறங்கியே முட்டி தேஞ்சு போச்சுன்னு சண்ட போட்டீங்க? இப்ப என்ன அதுங்க மேல திடீர்ப் பாசம்?"

விற்பவர் கடைசியாகத் தன் துருப்புச்சீட்டை இறக்கினார். இரண்டையும் அணைத்துவிட்டு உடனே போட்டார். புதுசு அந்தக் கணமே பளிச்சென்று வந்து நின்றது. பழசு செத்த மாதிரி கிடந்தது. கமிட்டி கைதட்டியது. அக்கா மட்டும் கைதட்டவில்லை.

காரணம் அவளுடைய தம்பி. பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். 'மூச்சை இழு, மூச்சை விடு' என்று ஐந்நூறு பிள்ளைகளை விரட்டுகிறவனுக்கு வீசிங். பல் டாக்டர் ஒருவரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, மூத்தோர் இரட்டையரில் நான்கு வருடமாகக் கோப்பை அடிப்பவன். உறிஞ்சுகிற பம்ப் அவன் பையில், சாக்ஸுக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். நாலு பேர் பார்க்க அதை வாயில் வைக்க மாட்டான். அவ்வளவு வறட்டு ஜம்பம்.

"எடுத்து உறிஞ்சினா என்னடா குறைஞ்சு போயிடும்?" என்று ஒருமுறை கேட்டே விட்டாள்.

"இன்னொரு தடவ அந்தப் பேச்ச எடுத்த, உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்றான். செய்யக்கூடியவன்தான். அப்பாவோடு ஆறு வருடம் பேசாமல் இருந்த ஆள்.

அதனால் அக்கா வேறு வழி பார்த்தாள். இறுதி ஆட்டங்களில், மூன்றாவது செட்டில், அவன் உதடு வெளுக்கும்போது மெயின் லீவரை இறக்கி ஏற்றுவாள். டக், டக். அவ்வளவுதான். விளக்குகள் பத்து நிமிடம் படுத்துவிடும். "யாரும் நகராதீங்க, கரண்ட் கண்ணடிச்சிடுச்சு!" என்று டார்ச்சோடு எதிர்மூலையிலிருந்து வருவாள். அதற்குள் தம்பி இருட்டில் பையைத் துழாவி, இரண்டு இழுப்பு இழுத்து, புது மனிதனாக நிற்பான். செய்வது தப்பு என்று அவளுக்குத் தெரியும். மூச்சு நிற்பதைவிடத் தப்பு செய்வது மேல் என்றும் தெரியும்.

பதினாறு புது விளக்குகளையும் அவளே தன் கையால் மாட்டினாள்.

இந்த வருட இறுதி ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். எதிரே வங்கிக்காரர்கள் இருவர், நான்கு வருடமும் இறுதியில் தோற்ற அதே ஜோடி. மூன்றாவது செட் பதினாறுக்குப் பதினாறு. மேலே புது விளக்குகள் ஒரு சத்தமும் போடாமல் எரிந்தன. அந்த நிசப்தத்தில் தம்பியின் விசில் மூச்சு சுவரோரம் மெயின் பெட்டிப் பக்கத்தில் நின்ற அக்காவுக்கே கேட்டது. 'எடுடா, எடுத்து இழுடா' என்று மனசுக்குள் கெஞ்சினாள். அவன் முழங்காலில் கையூன்றிக் குனிந்தான். நிமிர்ந்தபோது உதடு வெளுத்திருந்தது.

அக்காவின் கை யோசிக்கவில்லை. பழைய பழக்கம். டக், டக்.

இருட்டு வந்தது தெரிவதற்குள் போயும் விட்டது. இருநூறு பேரும் சத்தம் வந்த பக்கம் திரும்பினார்கள். அங்கே, பகல் தோற்கும் வெளிச்சத்தில், மெயின் பெட்டிக் கதவு திறந்திருக்க, லீவரைப் பிடித்தபடி அக்கா கையும் களவுமாக நின்றாள். மற்றொரு கையில், எரியாத டார்ச்.

"ஓ, இதானா விஷயம்!" என்றார் வங்கிக்காரர்களில் மூத்தவர். யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

தம்பி அக்காவைப் பார்த்தான். இருட்டில் பையைத் துழாவிய அத்தனை முறையும் அவன் முகத்தில் வந்து போவதை அவளால் பார்க்க முடிந்தது. இனி இவன் என் வீட்டுப் பக்கமே வரமாட்டான் என்று அவள் நினைத்தாள்.

அவன் நடுவரிடம் ஒரு நிமிடம் கேட்டான். பையருகே போனான். சாக்ஸை உதறி, பம்பை எடுத்து, அத்தனை பேர் பார்க்க வாயில் வைத்து இழுத்தான். பொறுமையாக எண்ணி, மறுபடி இழுத்தான். மேல்வரிசையில் உட்கார்ந்திருந்த அவனுடைய பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இருபத்தொன்றுக்குப் பத்தொன்பதில் தோற்றான்.

எல்லோரும் கலைந்த பிறகு வந்து அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"நாலு வருஷமுமாக்கா?"

"மூணுதான்டா. ஒரு வருஷம் நெஜமாவே கரண்ட் போச்சு. சத்தியமா."

"அப்ப மூணு கப்பு அவங்களுது. நாளைக்கே கொண்டுபோய்க் குடுத்துட்டு, மன்னிப்புக் கேக்கணும். நீயும் வரணும்."

"வரேன்."

"அந்த ஒரு வருஷம் எது? அத மட்டும் நான் வச்சுக்கறேன்."

அக்காவுக்கு எவ்வளவு யோசித்தும் அது நினைவுக்கு வரவில்லை. பொய் சொல்லலாம்தான், கேட்டுக்கொள்வான்.

"ஞாபகமில்லடா" என்றாள்.

அவன் தலையாட்டினான். "சரி, நாலையுமே குடுத்துடலாம்."